சுவர் பொரிந்தால், உரிந்தால், கறுத்தால்: வடசென்னை வீட்டுக்குப் பெயிண்ட் வைத்தியம்

தண்டையார்பேட்டையில் ஒரு பெயிண்ட் கடைக் கவுன்ட்டரில் நிற்கிறவன் நான். அதற்கு முன்னால் பத்து வருஷம் அப்பாவோடு ஏணியில் நின்று பிரஷ் பிடித்தேன். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பேச்சை ஆரம்பிக்கும் முன்பே போனை நீட்டிவிடுவார்கள். படத்தில் ஒரு சுவர் இருக்கும். "போன வருசம்தாண்ணா அடிச்சோம். அதுக்குள்ள பொரிஞ்சி கொட்டுது. இன்னா பெயிண்ட்டுண்ணா குடுத்தீங்க?" பதிலுக்கு நான் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் பொரிகிறது?

டப்பாவிலேயே பெயிண்ட் கெட்டுப்போய் வருவது அபூர்வம். சுவருக்குள் இருக்கிற தண்ணீர், உப்பு, பழைய சுண்ணாம்பு, எண்ணெய்ப் பிசுக்கு, இவற்றில் ஏதோ ஒன்று உள்ளேயிருந்து பெயிண்ட்டைத் தள்ளுகிறது. அது எதுவென்று பார்க்காமல் மேலே இன்னொரு கோட் அடிப்பது காய்ச்சல்காரனுக்குப் புதுச்சட்டை போடுகிற கதைதான். நம் பக்கத்தில் அந்தத் தப்பு சீக்கிரமே வெளியே தெரிந்துவிடும். கடல் பக்கத்தில் இருக்கிறது, போர் தண்ணீர் உப்பு, ரோடு போட்டுப் போட்டுத் தெரு வீட்டைவிட உயர்ந்துவிட்டது. நாமோ மழை விட்ட கையோடு பொங்கலுக்கு அடிக்கிறோம்.

உங்கள் சுவரில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

எதற்கும் முன்னால்: தட்டி, தடவி, ஒட்டிப் பார்ப்பது

விரலை மடக்கிச் சுவரை வரிசையாகத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியாக 'டொக்' என்று கேட்டால் பூச்சு செங்கல்லைப் பிடித்திருக்கிறது. பானையைத் தட்டுகிற மாதிரி வெற்றுச் சத்தம் வந்தால் பூச்சே பெயர்ந்து நிற்கிறது என்று அர்த்தம். அங்கே பெயிண்டருக்கு வேலை இல்லை, கொத்தனார் வர வேண்டும். அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள்.

அடுத்து, ஒரு கறுப்புத் துணியால் அழுத்தித் தேயுங்கள். துணியில் மாவு மாதிரி ஒட்டினால் அடியில் சுண்ணாம்போ பழைய டிஸ்டெம்பரோ இருக்கிறது. அதன்மேல் எதுவும் நிற்காது.

மூன்றாவது, பிளேடால் ஒரு பெருக்கல் குறி கீறி, அதன்மேல் செலோ டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். டேப்போடு பெயிண்ட்டும் வந்தால் பழைய பெயிண்ட்டை நம்பி மேலே போகக் கூடாது.

கடைசியாக, ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒரு பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் முழுக்க விடுங்கள். மறுநாள் தாளின் உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், வேர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வேர்த்திருந்தால் அது அறைக்காற்றின் ஈரம். முதலாவதுக்கு மராமத்து வேண்டும். இரண்டாவதுக்கு ஜன்னலைத் திறந்தாலே பாதி தீரும். காசில்லாத இந்தச் சோதனையைச் செய்துவிட்டு வருகிறவர்கள் குறைவு. செய்துவிட்டு வருகிறவர்களுக்கு நான் விற்கிற பெயிண்ட்டும் குறைவுதான்.

கீழ் 3 அடியில் பொரிகிறது, வெள்ளையாக உப்பு பூக்கிறது

வடசென்னையின் தலையாய வியாதி இது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எர்ணாவூர் எங்கே போனாலும் தரைத்தளத்து வீட்டில் முட்டி உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரை சுவர் இப்படித்தான் இருக்கும். பழைய ஆட்கள் இதை ஓதம் ஏறுகிறது என்பார்கள்.

நடப்பது இதுதான். செங்கல்லும் பூச்சும் விளக்குத் திரி மாதிரி. மண்ணில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றும். அந்தத் தண்ணீர் கரைந்த உப்போடு வருகிறது. சுவரின் மேற்பரப்புக்கு வந்ததும் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு அங்கேயே தங்கிப் படிகமாகும். பெயிண்ட்டுக்கு அடியில் அந்தப் படிகம் வளரும்போது பெயிண்ட்டையும், அதற்கு அடியில் சுவரை வழவழப்பாக்கப் பூசும் பட்டியையும் தூக்கி எறியும். பூச்சின் மேல்தோலையே உடைக்கிற அளவுக்கு அதற்குப் பலம் உண்டு. உப்பு மண்ணிலிருந்து மட்டும் வருவதில்லை. வீடு கட்டும்போதே உப்புத் தண்ணீரில் சாந்து கலந்திருந்தால் அதுவும் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். மீஞ்சூர் பக்கம் அளவுக்கு மீறி நிலத்தடி நீரை உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே புகுந்த விஷயம் 1970களிலிருந்தே பேசப்படுகிறது. அந்தப் பக்கத்து போர் தண்ணீரில் பூசிய சுவர் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். சமையலறையில் உப்பு ஜாடி கசிகிற நாளில் உங்கள் சுவரும் ஈரமாகத் தெரிந்தால், புதிதாக எங்கேயும் ஒழுகவில்லை, சுவருக்குள் இருக்கிற உப்புதான் வேலையைக் காட்டுகிறது. கடலோரத்தில் அப்படிப்பட்ட நாட்கள் வருஷத்தில் நிறைய. மழையே இல்லாத மாதத்தில்கூட "திடீர்னு சுவர் நனைஞ்சிருக்குண்ணா" என்று வந்து நிற்பவர்கள் பிளம்பரைத் தேடுவதற்கு முன் ஜாடியைப் பார்க்கலாம்.

சரி, என்ன செய்வது?

பூத்திருக்கும் உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தள்ளி, முறத்தில் அள்ளி, வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். கழுவினால் உப்பு கரைந்து மறுபடியும் சுவருக்குள் போகும், காய்ந்ததும் திரும்ப வரும். வாரம் ஒரு முறை இப்படித் தள்ளிக்கொண்டே வந்தால் பூப்பது குறையும். ஒரு மாதம் தள்ளியும் குறையவில்லை என்றால் கீழிருந்து புது ஈரம் வந்துகொண்டே இருக்கிறது.

அப்போது பூச்சைக் கொத்தித்தான் ஆக வேண்டும். ஈரக்கோடு தெரிகிற உயரத்துக்கும் மேலே ஒரு அடி வரை கொத்தி எடுத்து, செங்கல் இணைப்புகளைச் சுரண்டி, சுவரைத் திறந்தபடியே காயவிட வேண்டும். 9 அங்குலச் சுவர் காய்வதற்கு மாதக்கணக்கு ஆகும். வீட்டில் எல்லோரும் இந்த இடத்தில்தான் பொறுமை இழப்பார்கள். அப்புறம் நல்ல தண்ணீரில், அதாவது மெட்ரோ தண்ணீரில், கலந்த சாந்தால் பூச வேண்டும். அடித்தளத்துக்குப் பக்கத்தில் துளை போட்டு ஈரத்தடுப்பு ரசாயனம் செலுத்துகிற வேலையும் உண்டு. அது செலவு பிடிக்கும். அனுபவம் உள்ள ஆள் கிடைத்தால் மட்டும் செய்யலாம்.

அதற்கெல்லாம் இப்போது வழியில்லை, வாடகை வீடு, அல்லது கையில் காசில்லை என்றால் நான் சொல்லும் யோசனை சிலருக்குப் பிடிக்காது. கீழ் 3 அடிக்கு எனாமலும் (பளபளக்கும் எண்ணெய்ப் பெயிண்ட்) அடிக்காதீர்கள், வாட்டர்புரூஃப் கோட்டிங்கும் அடிக்காதீர்கள். உப்பைத் தள்ளிவிட்டுச் சுண்ணாம்பு அடியுங்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். கொட்டினாலும் அடுத்த வருஷம் குறைந்த செலவில் திரும்ப அடிக்கலாம். எனாமல் ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் சும்மா இருக்காது, எனாமல் முடிகிற கோட்டுக்கு மேலே ஏறி அங்கே பொரியும். கீழே டைல்ஸ் ஒட்டி மறைத்தவர்கள் வீட்டிலும் இதையே பார்க்கிறேன். முன்பு 3 அடியில் இருந்த ஈரம் டைல்ஸுக்கு மேலே நாலரை அடியில் இருக்கும்.

ஈரத்தை உள்ளே அடைக்கிற இந்தத் தப்பை எங்கள் வீட்டு ஹாலிலேயே நான் செய்து மாட்டிக்கொண்டேன். மார்கழிக் கடைசி. மழை விட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. தொட்டால் சுவர் காய்ந்த மாதிரிதான் இருந்தது. பெயிண்ட் கடைக்காரன் வீடு பொங்கலுக்குப் பளிச்சென்று இருக்க வேண்டாமா? அடித்தேன். சித்திரையில் வெயில் ஏறியதும் உள்ளே இருந்த ஈரமெல்லாம் வெளியே வரப் பார்த்தது. சுவர் முழுக்க அப்பளம் பொரிந்த மாதிரிக் கொப்புளம். அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது. சென்னையின் மழையில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. ஆக, பொங்கலுக்கு முந்தின வாரத்தில் நம் சுவர்கள் நன்றாக நனைந்துதான் இருக்கும். வேண்டுமானால் வாசலுக்கும் பூஜை அறைக்கும் அடித்துச் சடங்கை முடித்துக்கொள்ளுங்கள். மற்ற அறைகளை மாசி, பங்குனிக்குத் தள்ளுங்கள்.

நடுச்சுவரில், அல்லது மேலே கூரையை ஒட்டி ஈரத்திட்டு

உயரத்தைக் கேட்பதன் அடுத்த பாதி இது. ஓதம் கீழிருந்து ஏறும்போது ஏறக்குறைய சமமான கோடாகத் தெரியும். நடுச்சுவரில் வட்டமாகவோ நீளவாக்கிலோ திட்டு இருந்தால் உள்ளே ஓடும் பைப்பைச் சந்தேகப்படுங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். வண்ணாரப்பேட்டையில் சந்து வீடுகளுக்குப் பொதுச்சுவர்தான். ஒரு அக்கா மூன்று வருஷம் தொடர்ந்து படுக்கையறையில் ஒரே சுவருக்கு மட்டும் பெயிண்ட் வாங்கிப்போனார். மூன்றாம் முறை நானே வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் குளியலறை. தரையின் டைல்ஸ் இடுக்கில் போட்டிருந்த சிமென்ட் காணாமல் போயிருந்தது. அந்த வீட்டுக்காரரிடம் பேசி இடுக்கை அடைத்ததும் இந்தப் பக்கம் காய்ந்துவிட்டது. பேச்சுவார்த்தைக்கு ஆன நாட்கள் வேலைக்கு ஆகவில்லை.

கூரையை ஒட்டி ஈரம் என்றால் மொட்டை மாடிக்குப் போங்கள். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் விரிசல், மழைநீர்க் குழாய் வாயில் குப்பை, தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் கசிவு, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். சந்தேகமாக இருந்தால் குழாய் வாயை அடைத்து மாடியில் 2 அங்குலம் தண்ணீர் கட்டி ஒரு நாள் விட்டுக் கீழே பாருங்கள். ஆனால் பழைய மெட்ராஸ் டெரஸ் தளத்தில் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். உத்தரத்தின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கி, சுண்ணாம்புச் சாந்தும் செங்கல் ஜல்லியும் போட்டு, மேலே தளவோடு (தட்டை ஓடு) பதித்த தளம் அது. ராயபுரம் பக்கம் இன்னும் இருக்கிறது. அதில் தண்ணீர் கட்டினால் உத்தரம் ஊறும். தளவோட்டு இணைப்புகளைக் கண்ணால் பார்த்துத் திறந்திருப்பதைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைப்பதே போதும்.

ஸ்விட்ச் போர்டைச் சுற்றி ஈரம் இருந்தால் பெயிண்ட் பேச்சே வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

தோல் உரிகிற மாதிரி தாள் தாளாக வருகிறது

உரிந்த தாளைத் திருப்பிப் பாருங்கள். அதன் முதுகில் வெள்ளை மாவு ஒட்டியிருந்தால் குற்றவாளி சுண்ணாம்பு. கொருக்குப்பேட்டையில் ஒரு வீட்டில் சுரண்டும்போது நீலம், பச்சை, ரோஸ், மறுபடி நீலம் என்று ஒவ்வொரு பொங்கலாக வந்துகொண்டே இருந்தது. அத்தனை வருஷத்துச் சுண்ணாம்பும் அட்டை கனத்துக்கு ஏறியிருந்தது. அதன்மேல் தண்ணீரில் கலக்கும் பெயிண்ட்டான எமல்ஷன் அடித்தால், எமல்ஷன் சுண்ணாம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். சுண்ணாம்புக்கோ சுவரின் மேல் பிடிப்பு இல்லை. காயும்போது எமல்ஷன் இறுகி இழுக்கிறது, இரண்டும் சேர்ந்து கழன்று வருகின்றன.

இதற்குக் குறுக்கு வழி கிடையாது. சுவரை நனைத்து ஊறவிட்டுப் பட்டித் தகட்டால் சுரண்ட வேண்டும். ஈரத்தில் சுரண்டினால் தூசு பறக்காது, வேலையும் சுலபம். பூச்சு தெரிகிற வரை சுரண்டி, கழுவி, நன்றாகக் காயவிட்டு, கறுப்புத் துணிச் சோதனையை மறுபடி செய்யுங்கள். துணி சுத்தமாக இருந்தால்தான் பிரைமர், அதாவது பெயிண்ட் பிடிப்பதற்கு அடியில் கொடுக்கும் முதல் கோட். முழுதாகச் சுரண்ட முடியாது என்றால், பேசாமல் இந்த வருஷமும் சுண்ணாம்பே அடித்துவிடுங்கள், குறைச்சல் ஒன்றுமில்லை.

முதுகு வழவழப்பாக, பளபளவென்று இருந்தால் அடியில் எனாமல் இருக்கிறது. பழைய வீடுகளில் கீழ் 3, 4 அடிக்கு எனாமல் பார்டர் அடித்திருப்பார்கள். பளபளப்பின் மேல் எமல்ஷன் பிடிக்காது. 120 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, பளபளப்பு முழுக்கப் போய் மங்கலாகும் வரை தேய்த்து, துடைத்து, காயவிட்டு, பிரைமர் கொடுங்கள். ஈரமாகத் தேய்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பழைய எனாமலில் ஈயம் இருக்கும். வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற மத்திய அரசு விதி 2016இல் வந்து 2017 நவம்பரில்தான் அமலானது. அதற்கு முந்தின எனாமலை உலர்வாகத் தேய்த்துத் தூசு பறக்கவிட்டால் அது குழந்தைகளுக்குத்தான் முதல் கேடு. தேய்த்து முடிக்கும்வரை குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் வேறு வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கழிவை ஈரத்துணியால் வழித்துப் பையில் கட்டிப் போடுங்கள், துடைப்பத்தால் பெருக்காதீர்கள்.

பட்டியோடு சேர்ந்து மாவாகக் கொட்டுகிறது

பெயிண்ட் நன்றாகத்தான் இருக்கிறது, அடியில் பட்டி உதிர்கிறது. ஏமாற்று அதிகம் நடக்கும் இடமும் இதுதான், ஏனென்றால் பெயிண்ட் அடித்த பிறகு உள்ளே என்ன போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. சாக் பவுடரையும் பசையையும் குழைத்துப் பட்டி என்று போட்டுவிட்டுப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஈரம் பட்டால் அது கஞ்சியாகிவிடும். பை பிரிப்பதை நீங்களே நின்று பாருங்கள். உள்ளே கட்டி தட்டியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அது காற்றின் ஈரத்தைக் குடித்துவிட்ட பழைய சரக்கு.

நல்ல பட்டியும் கொட்டுவதுண்டு. வெள்ளை சிமென்ட் பட்டி சிமென்ட் ஜாதி. அது இறுகுவதற்குத் தண்ணீர் வேண்டும். கத்திரி வெயிலில் காய்ந்து கிடக்கும் சுவரில் அப்படியே போட்டால் சுவர் தண்ணீரை உறிஞ்சிவிடும், பட்டி இறுகாமலே காய்ந்து மாவாகிவிடும். அதனால் போடும் முன் சுவரை லேசாக நனைக்க வேண்டும். சொட்டச் சொட்ட அல்ல, உறிஞ்சி மங்கலாகிற அளவுக்கு. கலந்த பட்டியை இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்து, இறுகியதில் தண்ணீர் ஊற்றிக் குழைத்தால் அது செத்த பட்டி. இரண்டு கோட் சேர்ந்தும் ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. சுவரில் அதைவிடப் பெரிய பள்ளம் இருந்தால் பூச்சு வேலை செய்து சமப்படுத்த வேண்டும்.

அக்ரிலிக் பட்டிக்கு முறை வேறு: முதலில் பிரைமர், அதன்மேல் பட்டி, மறுபடியும் பிரைமர். இந்த இரண்டு பட்டிகளையும் குழப்பிக்கொள்கிற பெயிண்டர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பழைய பெயிண்ட்டின் மேல் சிமென்ட் பட்டி ஒட்டாது, அங்கே அக்ரிலிக்தான்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகு சுவரில் நிற்கும் தூசைத் துடைக்காமல் பிரைமர் அடித்தாலும் இதே வியாதி வரும். தேய்க்கும்போது மாஸ்க் போடச் சொல்லுங்கள். அந்தத் தூசு நுரையீரலுக்கு நல்லதல்ல என்று சொன்னால் சிரிப்பார்கள். அப்பாவும் சிரித்தவர்தான், இப்போது மாடிப்படி ஏறினால் நடுவில் ஒரு முறை நிற்கிறார்.

மூலையில் கறுப்புப் புள்ளிகள், பச்சைப் பாசி

பீரோவுக்குப் பின்னால், பரணுக்கு அடியில், வெயில் படாத சுவரில் வரும். அழுக்கா பூஞ்சையா என்று சந்தேகம் இருந்தால் நீர்த்த பிளீச் ஒரு சொட்டு வையுங்கள். ஐந்து நிமிஷத்தில் வெளுத்தால் பூஞ்சை, வெளுக்காவிட்டால் அழுக்கு. வெளுக்காத கறுப்பு நம் பக்கத்தில் நிறைய. துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிய காலத்தில் ராயபுரத்து வீடுகளில் ஜன்னல் கம்பியைத் தொட்டாலே கை கறுக்கும். 2011இல் உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு அந்த நிலக்கரி எண்ணூருக்குப் போனது, கறுப்பும் கூடவே போனது. அப்படிப்பட்ட படிவுக்குச் சோப்புத் தண்ணீரில் கழுவுவதே மருந்து. கழுவாமல் அடித்தால் பெயிண்ட் தூசின் மேல்தான் உட்காரும்.

பூஞ்சைக்கு: ஒரு பங்கு பிளீச்சில் மூன்று பங்கு தண்ணீர் கலந்து தடவி, கால் மணி நேரம் விட்டு, தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் காயவிடுங்கள். கையுறை போடுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும். கக்கூஸ் கழுவும் ஆசிட்டை இதோடு கலந்துவிடாதீர்கள். குளோரின் வாயு வரும், சின்ன அறையில் ஆளையே சாய்த்துவிடும். அப்புறம் பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல்கடை தள்ளி வையுங்கள். உள்ளே துணி காயப்போடுகிற வழக்கம் இருந்தால் மழைக்காலத்தில் அந்த அறைக்கு மின்விசிறியாவது ஓடட்டும். பூஞ்சை எதிர்ப்பு பெயிண்ட் என்று தனியாக விற்கிறோம். காற்று வராத அறையில் அதுவும் ஒரு வருஷத்துக்கு மேல் தாங்காது.

விரிசல்

முடி மாதிரி மெல்லிய, வலைப்பின்னல் விரிசலை பெயிண்டர்கள் ஏர் கிராக் என்பார்கள். பூச்சு சீக்கிரம் காய்ந்ததால் வந்தது. பட்டியும் பிரைமரும் மூடிவிடும். கொஞ்சம் அகலமானதை பிளேடால் 'வி' வடிவத்தில் திறந்து, தூசு தட்டி, கிராக் ஃபில்லர் அடைத்து, காய்ந்து உள்வாங்கியதும் இரண்டாம் முறை அடைக்க வேண்டும். திறக்காமல் மேலே தடவினால் மூன்று மாதத்தில் அதே கோடு திரும்ப வரும்.

தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்க்கோடாக வருவதற்குப் பூச்சைக் கொத்தி, கோழி வலை அடித்துப் பூச வேண்டும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். இரண்டு மாதத்தில் கோட்டைத் தாண்டியிருந்தால் கட்டிடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். கூரையிலோ சன்ஷேடிலோ விரிசலோடு பழுப்புக் கறையும் தெரிந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்புகிறது. கடற்காற்றில் இது சகஜம். அதற்குப் பெயிண்ட் அடித்து மறைக்காதீர்கள். ஒரு நாள் காங்கிரீட் துண்டு தலையில் விழும்.

அடித்த பிறகும் கறை மேலே வருகிறது

இரண்டு கோட் அடித்தும் டீ சிந்தின மாதிரி மஞ்சள் கறை மறுபடி எட்டிப் பார்க்கும். பழைய ஒழுகல் கறை, பூஜை அறைப் புகை, அடுப்படி எண்ணெய், சிகரெட், எல்லாமே தண்ணீர் பெயிண்ட்டில் கரைந்து மேலே வரும் ஜாதி. எத்தனை கோட் அடித்தாலும் வரும். அந்த இடத்தை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவிட்டு, தின்னரில் கரைக்கும் பிரைமர் ஒரு கோட் கொடுத்தால் கறை உள்ளேயே அடைபட்டுவிடும். அதன்மேல் எமல்ஷன் அடிக்கலாம். ஒழுகலை நிறுத்திய பிறகுதான் இது என்று சொல்லத் தேவையில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய வீடுகளுக்குள் புகுந்தது. சுவரில் தண்ணீர் நின்ற மட்டத்துக்குக் கறுப்புக் கோடு. பாத்திரம் கழுவும் சோப்பை வெந்நீரில் கரைத்து, கீழிருந்து மேலாகத் தேய்த்து, பிசுக்கு போகும்வரை திரும்பத் திரும்பக் கழுவினால் மேலோட்டமான எண்ணெய் போகும். சுவரில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. பூச்சுக்குள் ஊறிவிட்டால் கொத்தி எடுப்பதுதான் வழி. அந்தச் சமயம் பெயிண்ட் வாங்க வந்த சிலரைத் திருப்பி அனுப்பினேன். சிலர் கேட்கவில்லை, பக்கத்துக் கடையில் வாங்கி அடித்தார்கள்.

திட்டுத்திட்டாக, கோடு கோடாகத் தெரிகிறது

இது வியாதி அல்ல, கை வேலைக் குறை. பெயிண்ட்டில் தண்ணீர் அதிகம் ஊற்றினால் ரோலர் சுலபமாக ஓடும், மூடாது. டப்பாவின் முதுகில் எழுதியிருக்கும் அளவே அளவு. பிரைமரை விட்டுவிட்டால் பட்டி போட்ட இடம் மட்டும் உறிஞ்சி மங்கலாகத் தெரியும். ஒரு சுவரைப் பாதியில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனால் நிறுத்திய கோடு தெரியும். மூலையிலிருந்து மூலை வரை ஈரம் காயும் முன் முடித்துவிட வேண்டும். மே மாத மதியத்தில் வெயில் படும் சுவருக்கு இது நடக்காத காரியம், காலையில் ஆரம்பியுங்கள்.

நடுவில் பெயிண்ட் தீர்ந்துபோய் இன்னொரு டப்பா வாங்கினால் ஒரே நம்பர் கலரிலும் லேசாக வித்தியாசம் இருக்கும். 10க்கு 10 அறை, 10 அடி உயரம் என்றால் சுவர் 400 சதுர அடி. கதவு, ஜன்னல் கழித்தால் 360. வழவழப்பான சுவரில் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 60 சதுர அடி என்று வைத்தால் 6 லிட்டர். 4 லிட்டரில் முடித்துத் தருகிறேன் என்று பெயிண்டர் சொன்னால் மீதி 2 லிட்டர் தண்ணீராக இருக்கும். மொத்தத்தையும் முதலிலேயே வாங்கி ஒரே வாளியில் கொட்டிக் கலந்துவிடுங்கள்.

மிச்சத்தில் அரை லிட்டரை மூடி இறுக்கமான பாட்டிலில் ஊற்றி, கலர் நம்பரும் அடித்த தேதியும் எழுதி ஒட்டி, வெயில் படாத பரணில் வையுங்கள். ஆணி பிடுங்கிய ஓட்டைக்கும் நாற்காலி உரசிய இடத்துக்கும் அது போதும். தொடும்போது பிரஷ் வேண்டாம், முன்பு ரோலரில் அடித்திருந்தால் சின்ன ரோலரிலேயே தொடுங்கள். பாட்டிலைத் திறந்ததும் அழுகின முட்டை நாற்றம் வந்தால் மட்டும் அதைக் கொட்டிவிட்டு, பாட்டிலில் ஒட்டிய நம்பரைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள்.